சுற்றுலாப் பயணிகள் வருவதற்கு முன்: சிவிலைசேஷன் 6-இல் கலாச்சார வெற்றிக்கான முதல் நூறு சுற்றுகள்

ஒரு நாட்டைப் பண்டைக் காலத்திலிருந்து வளர்த்தெடுக்கும் கணினி வியூக ஆட்டமான சிவிலைசேஷன் 6-இல் கலாச்சார வெற்றியை நாடுகிறவர், கலாச்சாரப் புள்ளிகளைக் குவித்துக்கொண்டே போனால் வெற்றி தானாக வந்து சேரும் என்று எண்ணுவது இயல்புதான். ஆனால் ஆட்டத்தின் கணக்கு வேறு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு நாடும் தொடக்கத்திலிருந்து ஈட்டிய மொத்தக் கலாச்சாரப் புள்ளிகளில் 100-க்கு ஒருவர் என்ற விகிதத்தில் அந்த நாட்டுக்கு உள்நாட்டுப் பயணிகள் சேர்கிறார்கள். நாம் உண்டாக்கும் சுற்றுலாப் புள்ளிகளோ ஒவ்வொரு நாட்டின் பெயரிலும் தனித்தனியே சேர்ந்துவருகின்றன. ஆட்டத்தில் உள்ள நாடுகளின் எண்ணிக்கையை 200-ஆல் பெருக்கி வரும் தொகையை அவை எட்டும் ஒவ்வொரு முறையும், அந்த நாட்டிலிருந்து ஒரு வெளிநாட்டுப் பயணி நம்மிடம் வருகிறார். எட்டு நாடுகள் உள்ள வழக்கமான வரைபடத்தில் ஒரு பயணியின் விலை 1600 புள்ளிகள். இப்படி எல்லா நாடுகளிலிருந்தும் நம்மிடம் வந்தவர்களின் கூட்டுத்தொகை, மற்ற ஒவ்வொரு நாட்டின் உள்நாட்டுப் பயணிகளையும் விஞ்சும் சுற்றில் வெற்றி நம்முடையது.

இந்தக் கணக்கை ஒருமுறை நிதானமாகப் படித்தவருக்கு ஓர் உண்மை புலப்படும். நாம் சேர்க்கும் கலாச்சாரம் நம்மைக் காக்கிறது. பிறர் நம்மைக் கலாச்சாரத்தால் வெல்லாமல் தடுக்கிறது. சமூக, அரசியல் முன்னேற்றங்களை ஒவ்வொன்றாகத் திறக்கும் சிவிக் மரத்தில் நம்மை விரைவாக ஏற்றிவிடுகிறது. வெற்றியைக் கொண்டுவருவது சுற்றுலா. சுற்றுலாவின் பெரும்பகுதி, அருங்காட்சியகங்கள், தேசியப் பூங்காக்கள், கடற்கரை விடுதிகள், ராக் இசைக்குழுக்கள் என்று ஆட்டத்தின் பின்பாதியில்தான் திறக்கிறது. எனில் முதல் நூறு சுற்றுகளில் நாம் செய்ய வேண்டியது என்ன? பின்னால் வரப்போகும் அவை அனைத்துக்கும் இடம் பிடித்து வைப்பது. என் அனுபவத்தில் கலாச்சார வெற்றியின் தொடக்க ஆட்டம் என்பது முழுக்க முழுக்க நிலத்தைப் பற்றியது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைப்பதெல்லாம் அந்த ஒரு கருத்தின் விரிவுதான். 2018-இல் வந்த ரைஸ் அண்ட் ஃபால், 2019-இல் வந்த கேதரிங் ஸ்டார்ம் ஆகிய இரண்டு விரிவாக்கங்களும் சேர்ந்த வடிவத்தை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

பெங்களூரில் அல்சூர் பக்கம் எங்கள் வீட்டில் தங்கிப் பொறியியல் படிக்கும் என் அக்கா மகன், ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ஆட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவான். அவன் ஆடத் தொடங்கினால் பன்னிரண்டாவது சுற்றுக்குள் ஒரு கேள்வி வந்துவிடும்.

“மாமா, பக்கத்துலயே கல் இருக்கு. ஸ்டோன்ஹெஞ்ச் போட்டுடட்டுமா?”

“ஊர் எத்தனை இருக்கு?”

“ஒண்ணுதான்.”

“அப்ப முதல்ல செட்லரை அனுப்புடா. கல் எங்கயும் ஓடிப் போயிடாது.”

ஆட்டத்தில் ஒரு நாடு மட்டுமே கட்டக்கூடிய அதிசயங்களில் ஒன்றான ஸ்டோன்ஹெஞ்சைக் கட்ட 180 உற்பத்திப் புள்ளிகள் வேண்டும். புதிய ஊரை நிறுவப் போகும் முதல் செட்லருக்கு 80. அடுத்தடுத்த செட்லர்களுக்கு விலை ஏறிக்கொண்டே போகும் என்றாலும், ஒரு ஸ்டோன்ஹெஞ்ச் ஏறத்தாழ இரண்டு ஊர்களின் விலைக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஊர்கள் என்றால் இரண்டு தியேட்டர் ஸ்கொயர்கள் (கலாச்சாரத்துக்கென்று ஊரில் ஒதுக்கும் டிஸ்ட்ரிக்ட், அதாவது சிறப்பு வளாகம்), இரண்டு ஆம்பிதியேட்டர்கள், அவற்றில் எழுத்துப் படைப்புகளுக்கான நான்கு இடங்கள், பின்னாளில் இரண்டு அருங்காட்சியகங்கள், பேரெழுத்தாளர் என்ற மாமனிதரை வரவழைக்க நூறு சுற்றுகளுக்கு மேல் ஓயாமல் சேரும் புள்ளிகள். இவை அனைத்தையும் ஸ்டோன்ஹெஞ்ச் தரும் ஒரு தீர்க்கதரிசிக்காக விட்டுக்கொடுப்பது, மதத்தை நடுநாயகமாக வைத்து ஆடுகிறவருக்குப் பொருந்தலாம், மற்றவர்களுக்குப் பொருந்தாது. கடினமான நிலைகளில் இது இன்னும் மோசமான பேரம். மிகக் கடினமான டெய்ட்டி நிலையில் கணினி நாடுகள் மூன்று செட்லர்களுடன் ஆட்டத்தைத் தொடங்குகின்றன. அவற்றோடு அதிசயப் பந்தயத்தில் ஓடித் தோற்றால், அதற்காக ஒதுக்கிய சுற்றுகள் திரும்பி வரப்போவதில்லை.

சில ஊர்களே போதும் என்ற பழக்கம் பெரும்பாலும் ஐந்தாம் பாகத்திலிருந்து வந்தது. 2013-இல் வெளியான பிரேவ் நியூ வேர்ல்ட் விரிவாக்கத்துக்குப் பிறகு, அந்த ஆட்டத்தில் ஊர்கள் கூடக் கூட ஆராய்ச்சிக்கும் சமூகக் கொள்கைகளுக்கும் விலை ஏறியது. டிரடிஷன் கொள்கையின் இலவசக் கட்டடங்களும் முதல் நான்கு ஊர்களுக்கே கிடைத்தன. அதனால் நான்கு ஊர்களோடு நின்று, அவற்றை நன்றாக வளர்ப்பது அங்கே உண்மையிலேயே நல்ல வழி. ஆறாம் பாகத்தில் அந்தத் தண்டனை கிடையாது. எத்தனை ஊர் வைத்திருந்தாலும் தொழில்நுட்பத்தின் விலையும் சிவிக்கின் விலையும் மாறுவதில்லை. ஐந்தாம் பாகத்தை ஆண்டுக்கணக்கில் ஆடிவிட்டு வருகிற நண்பர்கள் நான்கு ஊர்களோடு நின்றுகொண்டு, தங்கள் கலாச்சாரம் ஏன் மந்தமாக நகர்கிறது என்று கேட்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நூறாவது சுற்றுக்குள் ஆறிலிருந்து எட்டு ஊர்கள் என்பது நான் வைத்திருக்கும் அளவுகோல். நிலம் இடம் கொடுத்தால் அதற்கு மேலும் போகலாம்.

அந்த ஊர்களை வேகமாக நிறுவ ஆட்டம் பல வழிகளைத் தருகிறது. எர்லி எம்பயர் சிவிக்கோடு வரும் காலனைசேஷன் என்ற கொள்கை அட்டை, செட்லருக்கான உற்பத்தியை 50 விழுக்காடு கூட்டுகிறது. மாக்னஸ் என்ற ஆளுநரைத் தலைநகரில் அமர்த்தி, புரொவிஷன் பதவி உயர்வைக் கொடுத்தால் செட்லர் கிளம்பும்போது மக்கள்தொகை குறைவதில்லை. ஸ்டேட் வொர்க்ஃபோர்ஸ் சிவிக்கில் கிடைக்கும் அரசு வளாகத்தில் ஆன்செஸ்ட்ரல் ஹால் எழுப்பினால் செட்லர் உற்பத்தி மேலும் 50 விழுக்காடு கூடுவதோடு, புதிய ஊர் ஒவ்வொன்றுக்கும் நிலத்தைப் பண்படுத்தும் பில்டர் ஒருவர் இலவசமாக வருகிறார். இவற்றை ஒரே காலத்தில் பொருந்துமாறு அமைத்து, காலனைசேஷன் அட்டை செருகப்பட்டிருக்கும் சுற்றுகள் முழுவதும் தலைநகரில் செட்லரைத் தவிர வேறெதையும் செய்யாமல் இருப்பதே, இந்த ஆட்டத்தில் நான் அறிந்த மிக நல்ல தொடக்கம். ஒரே ஓர் எச்சரிக்கை உண்டு. ரைஸ் அண்ட் ஃபாலுக்குப் பிறகு ஊர்களுக்கு விசுவாசம் என்ற கணக்கு வந்துவிட்டது. அடுத்த நாட்டின் பெரிய நகரங்களுக்கு நடுவே ஆசைப்பட்டு ஓர் ஊரை நட்டால், அது சில சுற்றுகளில் கிளர்ச்சி செய்து கைவிட்டுப் போய்விடும்.

அதிசயங்களே வேண்டாம் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். தியேட்டர் ஸ்கொயரைத் திறக்கும் டிராமா அண்ட் பொயட்ரி சிவிக்குக்கு உரிய இன்ஸ்பிரேஷன், அதாவது அதன் விலையைக் குறைக்கும் சிறு இலக்கு, ஓர் அதிசயத்தைக் கட்டி முடிப்பதுதான். அதனால் அந்தச் சிவிக்கின் விலையில் 40 விழுக்காடு குறைகிறது. ஆகவே ஏதாவது ஓர் அதிசயத்தை, தக்க நேரத்தில், தக்க ஊரில் கட்டுவது கணக்குக்கு உட்பட்ட செயலே. அதிசயங்களிலிருந்து வரும் சுற்றுலாவும் கவனிக்கத்தக்கது: ஒவ்வோர் அதிசயமும் 2 புள்ளிகளில் தொடங்கி, அதன் காலத்தைக் கடந்து நாம் அடியெடுத்து வைக்கும் ஒவ்வொரு யுகத்துக்கும் ஒரு புள்ளி கூடுகிறது. பண்டைக் காலத்தில் கட்டிய ஒன்று, தொழிற்புரட்சிக் காலத்தில் 6 புள்ளிகள் தரும். பழையது ஆக ஆக மதிப்பு ஏறுகிறது என்ற இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் 6 புள்ளிகள் என்பது எட்டு நாடுகள் உள்ள ஆட்டத்தில் ஒரு பயணியின் விலையான 1600-க்கு முன்னால் எவ்வளவு சிறியது என்பதையும் மறக்கக் கூடாது. அதிசயம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் சுற்றுலாவைப் பார்ப்பதைவிட, அது வேறு என்ன தருகிறது என்று பார்ப்பதே அறிவுடைமை.

அப்படிப் பார்த்தால் என் முதல் தேர்வு ஆரக்கிள். மிஸ்டிசிசம் சிவிக்கில் திறப்பது. குன்றின்மேல் மட்டுமே கட்டக்கூடியது. 290 உற்பத்திப் புள்ளிகள் கேட்பது. அது நிற்கும் ஊரில் உள்ள டிஸ்ட்ரிக்ட் ஒவ்வொன்றும், தனக்குரிய மாமனிதர் புள்ளிகளைச் சுற்றுக்கு 2 கூடுதலாகத் தருகிறது. இந்த இரண்டு சிறிய எண்ணாகத் தோன்றலாம். செவ்வியல் காலத்துப் பேரெழுத்தாளர் ஒருவரின் விலை 60 புள்ளிகள். ஒரு தியேட்டர் ஸ்கொயரும் ஆம்பிதியேட்டரும் சேர்ந்து சுற்றுக்கு 2 எழுத்தாளர் புள்ளிகள் தருகின்றன என்றால், அந்த ஓர் ஊரை மட்டும் நம்பினால் முதல் எழுத்தாளர் வர 30 சுற்றுகள் ஆகும். ஆரக்கிள் உள்ள ஊரில் அதே வேலை 15 சுற்றுகளில் முடிகிறது. அதோடு, ஃபெய்த் எனும் மதப் புள்ளிகளைச் செலுத்தி மாமனிதர்களை அழைக்கும்போது 25 விழுக்காடு தள்ளுபடியும் கிடைக்கிறது. எனவே குன்றும் வளமும் உள்ள ஓர் இடத்தில் இரண்டாவது ஊரை நிறுவி, அங்கே ஆரக்கிளுக்கு ஒரு கட்டத்தை ஒதுக்குவது நான் அநேகமாக ஒவ்வோர் ஆட்டத்திலும் செய்வது.

பிரமிடுகள் பாலைநிலம் அருகில் இருந்தால் மட்டும் பயன்படும். 220 புள்ளிகளுக்கு ஒரு பில்டரையும், இனி வரும் பில்டர் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கூடுதலாகவும் தருவதால் அது தன் விலையைத் திருப்பிக் கொடுத்துவிடும். பொலிட்டிக்கல் ஃபிலாசஃபியோடு வரும் அபதானா, நிறைய அதிசயங்கள் கட்டப்போகும் தலைநகருக்கு ஏற்றது. அந்த ஊரில் அதிசயம் ஒன்று முடியும்போதெல்லாம், நகர அரசுகள் எனப்படும் ஓரூர்ச் சிறு நாடுகளுக்கு அனுப்ப இரண்டு தூதர்கள் கிடைக்கிறார்கள். தொங்கும் தோட்டம், ஆர்ட்டெமிஸ் கோவில் முதலியவற்றைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

சிவிக் மரத்துக்கு வருவோம். தொடக்கத்தில் கலாச்சாரப் புள்ளிகள் வரும் வழிகள் மிகக் குறைவு. ஊருக்கு ஒரு நினைவுச்சின்னம் என்பதே முதன்மையான வழி. 60 உற்பத்திப் புள்ளிகளில் முடியும் அந்தக் கட்டடத்தைப் புதிய ஊர்களில் முதல் வேலையாக வைப்பது நல்லது. ஆனால் தொடக்க காலத்தில் உண்மையான வேகம் இன்ஸ்பிரேஷன்களிலிருந்தே வருகிறது. மூன்று கட்டங்களைப் பண்படுத்தினால் கிராஃப்ட்ஸ்மேன்ஷிப். இரண்டாவது கண்டம் ஒன்றைக் கண்டால் ஃபாரின் டிரேட். மொத்த மக்கள்தொகை ஆறைத் தொட்டால் எர்லி எம்பயர். டிஸ்ட்ரிக்ட் ஒன்றைக் கட்டினால் ஸ்டேட் வொர்க்ஃபோர்ஸ். மூன்று நகர அரசுகளைச் சந்தித்தால் பொலிட்டிக்கல் ஃபிலாசஃபி. இவற்றில் ஒவ்வொன்றும் 40 விழுக்காட்டை மிச்சப்படுத்துகிறது. நினைவுச்சின்னங்கள் பல சுற்றுகள் உழைத்துச் சேர்ப்பதை, நிலத்தைச் சுற்றிப் பார்த்துவர அனுப்பிய ஒரு ஸ்கவுட் மூன்று நகர அரசுகளைக் கண்டுபிடித்து ஒரே நாளில் தந்துவிடுகிறான். ஆகவேதான் கலாச்சார ஆட்டத்தில் முதல் உற்பத்தி ஸ்கவுட்டாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

நகர அரசைச் சந்திக்கும் முதல் நாடு நாமாக இருந்தால் ஒரு தூதர் இலவசம். அந்த ஒரு தூதர் கலாச்சார நகர அரசில் அமர்ந்தால் நம் தலைநகருக்குச் சுற்றுக்கு 2 கலாச்சாரம். முதல் முப்பது சுற்றுகளில் இதற்கு இணையான வருவாய் வேறில்லை. கலாச்சார நகர அரசுகளின் பட்டியலில் மொகஞ்சதாரோவும் இருக்கிறது. சிந்துவெளிப் பேச்சு எடுத்தால் நம்மவர்கள் எவ்வளவு நேரம் பேசுவோம் என்பது தெரிந்ததே. இங்கே அதன் பயன் என்னவென்றால், தூதர்களை அதிகம் அனுப்பி அதன் தலைமையைப் பெற்றவரின் ஊர்களெல்லாம் ஆற்றங்கரையில் இருப்பதைப் போன்ற குடியிருப்பு வசதியைப் பெறுகின்றன. நீரில்லாத இடங்களிலும் ஊர் நிறுவ விரும்புகிற நமக்கு அது பெரிய வரம். குமாசி கிடைத்தால் அதைவிட மேல்: நகர அரசுகளுக்கு நாம் அனுப்பும் வணிகப் பாதை ஒவ்வொன்றும், புறப்படும் ஊரின் சிறப்பு டிஸ்ட்ரிக்ட் ஒவ்வொன்றுக்கும் 2 கலாச்சாரம் கொண்டுவரும்.

பொலிட்டிக்கல் ஃபிலாசஃபி கிடைத்ததும் அரசு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாமனிதர் புள்ளிகளில் 15 விழுக்காடு கூட்டித் தரும் கிளாசிக்கல் ரிபப்ளிக் கலாச்சார ஆட்டத்துக்கு உரியது என்று பொதுவாகச் சொல்வார்கள், எனக்கும் உடன்பாடே. ஆனால் அண்டை நாடு படையைத் திரட்டிக்கொண்டிருக்கும்போது, படை அட்டைக்கென்று தனி இடம் இல்லாத அந்த அரசைத் தேர்ந்தெடுப்பது துணிச்சல். ஆளுநர்களில் பிங்கலா நமக்கென்றே படைக்கப்பட்டவர். அவருடைய கானாசர் பதவி உயர்வு, ஊரில் உள்ள குடிமகன் ஒவ்வொருவருக்கும் ஒரு கலாச்சாரப் புள்ளி தருகிறது. பத்துப் பேர் வாழும் தலைநகரில் அது ஐந்தாறு நினைவுச்சின்னங்களுக்கு ஈடு. செட்லர் அலை முடியும்வரை மாக்னஸ், அதன் பிறகு பிங்கலா என்பது என் வரிசை. இதை மாற்றி ஆடுகிறவர்களும் நன்றாகத்தான் ஆடுகிறார்கள்.

தியேட்டர் ஸ்கொயரை எங்கே வைப்பது என்பதில் பெரிய மறைபொருள் ஒன்றும் இல்லை; அதிசயங்களின் அருகிலும் மற்ற டிஸ்ட்ரிக்ட்களின் அருகிலும் வைத்தால் அதன் கலாச்சாரம் கூடும். சிறிய நுட்பம் ஒன்று மட்டும் உண்டு. டிஸ்ட்ரிக்ட்களின் விலை, தொழில்நுட்பத்திலும் சிவிக்கிலும் நாம் முன்னேற முன்னேற ஏறுகிறது. ஆனால் கட்டத் தொடங்கிக் கட்டத்தை ஒதுக்கிவிட்டால் அன்றைய விலை உறுதியாகிவிடும். ஆகவே ஓர் ஊரின் மக்கள்தொகை அனுமதித்த உடனே அடித்தளத்தை மட்டும் போட்டுவிட்டு, உற்பத்தியை வேறு வேலைக்குத் திருப்பலாம். டிராமா அண்ட் பொயட்ரி கிடைத்த சுற்றிலேயே எல்லா ஊர்களிலும் தியேட்டர் ஸ்கொயருக்கு இடம் போட்டு வைப்பது இதனால்தான்.

முதல் எழுத்தாளர்களாக ஹோமர், ஓவிட், சூ யுவான், பாசன் ஆகியோர் வருவார்கள். பாசனின் பெயர் திரையில் வரும்போது எனக்கு ஆட்டம் ஒரு கணம் நின்றுவிடும். காளிதாசனே புகழ்ந்து குறிப்பிட்ட அந்த நாடகாசிரியரின் படைப்புகள் பல நூற்றாண்டுகள் காணாமல் கிடந்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கணபதி சாஸ்திரி தேடியெடுத்த ஓலைச்சுவடிகளின் வழியே வெளிவந்தன, 13 நாடகங்கள். அவை அனைத்தும் பாசனுடையவைதாமா என்ற விவாதம் இன்றும் உண்டு. ஆட்டத்தில் அவருடைய படைப்புகள் ஆம்பிதியேட்டரில் இடம் பிடித்துக்கொண்டு, பிரின்டிங் தொழில்நுட்பம் வரும்வரை காத்திருக்கின்றன. அது வந்ததும் எழுத்துப் படைப்புகளின் சுற்றுலா இரட்டிப்பாகிறது. நடைமுறையில் கவனிக்க வேண்டியது வேறொன்று: எழுத்தாளர்கள் வந்து, அவர்களின் படைப்புகளை வைக்க இடமில்லாமல் நிற்பது கலாச்சார ஆட்டத்தில் அடிக்கடி நேர்வது. ஓர் எழுத்தாளருக்கு இரண்டு படைப்புகள், ஓர் ஆம்பிதியேட்டருக்கு இரண்டு இடங்கள். இந்தக் காரணத்துக்காகவும் ஊர்கள் பல வேண்டும். தியேட்டர் ஸ்கொயர் ஓவியருக்கும் இசைஞருக்கும் உரிய புள்ளிகளையும் அப்போதிலிருந்தே சேர்க்கத் தொடங்கிவிடுகிறது. ஓவியர்கள் மறுமலர்ச்சிக் காலத்தில்தான் வருவார்கள். ஆனால் அவர்களுக்கான புள்ளிகள் செவ்வியல் காலத்திலேயே குவியத் தொடங்குவதால், முன்கூட்டியே தியேட்டர் ஸ்கொயர் கட்டியவர் அந்த வரிசையில் முதலில் நிற்கிறார்.

இனி நிலத்துக்கு வருகிறேன். நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான். ஆட்டத்தின் பின்பாதியில் கலாச்சார வெற்றியை இழுத்து வருவதில் தேசியப் பூங்காக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. கன்சர்வேஷன் சிவிக்குக்குப் பிறகு ஃபெய்த் கொடுத்து இயற்கையியலாளர் ஒருவரை வாங்கி, ஒரே ஊருக்குச் சொந்தமான நான்கு கட்டங்கள் செங்குத்து வைரவடிவில் அமைந்திருக்கும் இடத்தில் பூங்காவை நிறுவலாம். அந்த நான்கும் மலையாகவோ, இயற்கை அதிசயமாகவோ, அப்பீல் (இயற்கை அழகின் அளவு) உயர்ந்த கட்டமாகவோ இருக்க வேண்டும். ஒன்றிலும் பண்ணையோ சுரங்கமோ டிஸ்ட்ரிக்டோ இருக்கக் கூடாது. நான்கு கட்டங்களின் அப்பீல் கூட்டுத்தொகையே பூங்காவின் சுற்றுலா. கன்சர்வேஷன் வரும்போது வரைபடத்தில் இப்படிப்பட்ட இடத்தைத் தேடத் தொடங்குகிறவருக்கு இடம் கிடைக்காது. ஒரு கட்டத்தில் வளாகம், இன்னொன்றில் கல்குவாரி, மூன்றாவது பக்கத்து ஊருக்குச் சொந்தம் என்று எல்லாம் கலைந்து கிடக்கும்.

இதைப் பெங்களூரில் வாழ்கிறவருக்கு விளக்க வேண்டிய தேவையே இல்லை. லால்பாக் 1760-இல் ஹைதர் அலி போடத் தொடங்கிய தோட்டம். கப்பன் பார்க் 1870-இல் உருவானது. இந்த நகரம் அவற்றைச் சுற்றி நெருக்கி வளர்வதற்கு முன்பே அந்த நிலங்கள் ஒதுக்கப்பட்டுவிட்டன. இன்று அதே அளவு நிலத்தை நகரின் நடுவில் பூங்காவுக்கென்று வாங்க எந்த அரசாலும் முடியாது. ஆட்டத்தில் இருபதாவது சுற்றில் செட்லரை எங்கே நிறுத்துவது என்று யோசிக்கும்போது நான் செய்வதும் இதே வேலைதான்: மலைத்தொடரும் காடும் சேரும் இடம், இயற்கை அதிசயத்தைச் சுற்றிய கட்டங்கள், கடற்கரையோரக் காடு ஆகியவற்றைத் தேடி, எந்த நான்கு கட்டங்கள் பூங்கா ஆகும் என்று அப்போதே வரைபடத்தில் குறி வைத்துவிடுகிறேன். குறி போடும் வசதி ஆட்டத்திலேயே இருக்கிறது. அந்த நான்கும் ஒரே ஊரின் எல்லைக்குள் வருமாறு ஊரின் மையத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் நுட்பம். ஒரு கட்டம் தள்ளி நட்டால் பூங்கா இரண்டு ஊர்களுக்கு நடுவே பிளந்துபோகும்.

அப்பீல் கணக்கும் எளியதே. காடு, மலை, கடற்கரை, அதிசயம், புனிதத் தலம், தியேட்டர் ஸ்கொயர் ஆகியவை அருகில் இருந்தால் ஒரு கட்டத்தின் அப்பீல் கூடும். மழைக்காடு, சதுப்பு நிலம், வெள்ளச் சமவெளி, சுரங்கம், கல்குவாரி, படைத்தளம், தொழிற்பேட்டை ஆகியவை அருகில் இருந்தால் குறையும். இதிலிருந்து தொடக்க காலத்துக்கு ஒரு விதியை வகுத்துக்கொள்ளலாம். பில்டரைக் கொண்டு வெட்ட வேண்டியது வந்தால் சதுப்பையும் மழைக்காட்டையும் வெட்டலாம். உற்பத்தியும் உணவும் கிடைப்பதோடு அக்கம்பக்கத்தின் அப்பீலும் உயரும். காட்டை விட்டுவைக்க வேண்டும். காட்டை வெட்டுவதுகூடத் திரும்பப் பெற முடியாத இழப்பு இல்லை. கன்சர்வேஷனுக்குப் பிறகு பில்டர்கள் புதிதாகக் காடு வளர்க்கலாம். டிஸ்ட்ரிக்ட்கள்தாம் உண்மையான ஆபத்து, ஏனெனில் ஒருமுறை எழுப்பியதை அகற்றவே முடியாது. தொழிற்பேட்டையை மலைச்சாரலின் நடுவில் வைத்துவிட்டால் அந்தச் சாரலின் பூங்கா அன்றோடு போயிற்று. கூட்டல் புள்ளி அதிகமாக வருகிறது என்று ஆட்டம் எண்ணைக் காட்டி ஆசை காட்டும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது.

பூங்காவுக்கும் பின்னாளைய ராக் இசைக்குழுக்களுக்கும் செலவாகப்போவது ஃபெய்த். ஆகவே கலாச்சார ஆட்டக்காரர் ஃபெய்த்தை முதலிலிருந்தே புறக்கணிக்கக் கூடாது. கோட் கிங் அட்டையைத் தொடக்கத்தில் செருகினால் சுற்றுக்கு ஒரு ஃபெய்த் வரும். 25 சேர்ந்ததும் பாந்தியன் என்ற முதல் சமய நம்பிக்கையைத் தேர்ந்தெடுக்கலாம். மேய்ச்சல் நிலங்கள் சூழ்ந்திருந்தால் அவற்றிலிருந்து கலாச்சாரம் தரும் ஓப்பன் ஸ்கை, மற்றபடி ஒரு செட்லரை இலவசமாகத் தரும் ரிலிஜியஸ் செட்டில்மென்ட்ஸ் என்பன என் தேர்வுகள். மதம் நிறுவுவது கட்டாயம் இல்லை. ஆனால் ஒன்றிரண்டு புனிதத் தலங்களை மலையோரம் வைத்து, செவ்வியல் காலத்தைப் பொற்காலமாகத் தொடங்க முடிந்தால், மானுமென்டாலிட்டி என்ற உறுதிமொழியை எடுத்துக்கொள்ளலாம். அப்போது ஃபெய்த்தைக் கொண்டே செட்லர்களையும் பில்டர்களையும் 30 விழுக்காடு குறைந்த விலையில் வாங்க முடிகிறது. இது கிடைத்த ஆட்டமும் கிடைக்காத ஆட்டமும் வேறுவேறு. தலைநகரின் உற்பத்தி முழுவதும் ஆரக்கிளுக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளைக்கும்.

அண்டை நாடுகளோடு நட்பாக இருப்பதற்கு இந்த ஆட்டத்தில் நேரடிப் பலன் உண்டு. எல்லையைத் திறந்துவிட்ட நாட்டின்மீது நம் சுற்றுலா 25 விழுக்காடு கூடுகிறது. அந்த நாட்டோடு வணிகப் பாதை இருந்தால் இன்னுமொரு 25. புதிய நாட்டைச் சந்தித்த சுற்றிலேயே 25 பொன் கொடுத்துத் தூதுக்குழுவை அனுப்பிவிட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். தாமதித்தால் முகம் சுளிப்பார்கள். எங்கள் பகுதியில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட்டில் திறக்கப்பட்டது. சில நாட்களில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. பேரம் என்று பார்த்தால் இது இரு தரப்பும் ஒரே நேரத்தில் எல்லையைத் திறந்துகொள்ளும் ஒப்பந்தத்தைப் போலவே இருக்கிறது. ஆட்டத்திலும் ஒருவர் மட்டும் திறந்தால் போதாது. அவர் தம் எல்லையை நமக்குத் திறக்க, நாம் வழக்கமாக நம்முடையதையும் திறக்க வேண்டியிருக்கும்.

எந்த நாட்டை எடுத்து ஆடுவது என்று என் அக்கா மகன் கேட்டால், பெரிக்ளிஸின் கிரேக்கம் என்பேன். நகர அரசு ஒவ்வொன்றின் தலைமைக்கும் 5 விழுக்காடு கலாச்சாரம், கூடுதலாக ஒரு பாலிசி இடம், தியேட்டர் ஸ்கொயருக்குப் பதிலாகக் குன்றின்மேல் அமையும் அக்ரோபோலிஸ் என்று தொடக்க ஆட்டத்துக்கு வேண்டிய அனைத்தும் அதில் இருக்கின்றன. பீட்டரின் ரஷ்யாவும் நல்ல தேர்வு. ஊர் நிறுவும்போதே கூடுதல் கட்டங்கள் கிடைப்பதால் நிலம் பிடிக்கும் வேலை பாதி முடிந்துவிடும். சோழரைக் கேட்பவர்கள் 2025-இல் வந்த ஏழாம் பாகத்துக்குப் போக வேண்டும். அங்கே ஆய்வுப் பயணக் காலத்தில் சோழர்கள் இருக்கிறார்கள், பெருவுடையார் கோவிலும் அதிசயமாக இருக்கிறது. ஆனால் அந்த ஆட்டம் வெளியானபோது இருந்த விதிப்படி, பண்டைக் காலக் கலாச்சாரப் பாதை ஏழு அதிசயங்களைக் கட்டச் சொன்னது. மேலே நான் எழுதிய அறிவுரையை அங்கே கொண்டுபோனால் அது தலைகீழாகிவிடும்.

படையைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கவண் வீசும் வீரர்கள் இருவரைத் தொடக்கத்திலேயே உருவாக்கி, காட்டுமிராண்டி ஒருவரைக் கவணால் வீழ்த்தி ஆர்ச்சரி தொழில்நுட்பத்தின் யுரேகாவை (இன்ஸ்பிரேஷனைப் போன்ற தள்ளுபடியை) பெற்று, அவர்களை வில்லாளர்களாக மாற்றிக்கொண்டால் முதல் ஐம்பது சுற்றுகள் கடந்துவிடும். முகாமுக்குத் திரும்பி ஓடும் காட்டுமிராண்டி ஸ்கவுட்டை மட்டும் விட்டுவிடக் கூடாது.

எண்பதாவது சுற்றுக்குப் பிறகு செய்ய வேண்டிய ஒரு வேலை பலருக்கும் தோன்றுவதில்லை. வெற்றித் திரையைத் திறந்து, எந்த நாட்டின் உள்நாட்டுப் பயணிகள் வேகமாகப் பெருகுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். நாம் கடக்க வேண்டிய உயரத்தை நிர்ணயிப்பது அந்த ஒரே நாடு. மற்ற ஆறு நாடுகள் பின்தங்கிக் கிடப்பதால் நமக்கு எந்த ஆதாயமும் இல்லை. அந்த நாடு கடலுக்கு அப்பால் இருந்தால், ஹோமருக்கும் ஓவிடுக்கும் அது போட்டியிடும்போது ஃபெய்த் அல்லது பொன் கொடுத்தாவது எழுத்தாளர்களை நாம் முந்திக்கொள்ள வேண்டும். அவர்கள் நம்மிடம் வந்தால் நம் படைப்புகள் கூடுவதோடு, அதன் கலாச்சாரமும் அந்த அளவுக்குக் குறைகிறது. பக்கத்து நாடாகவே இருந்தால், மதில் எழுப்பாத அதன் தியேட்டர் நகரம் ஒன்றை வில்லாளர்களைக் கொண்டு செவ்வியல் காலத்திலேயே கைப்பற்றுவதுதான் மலிவான வழி. கலாச்சார வெற்றி என்பதால் கடைசிவரை வாளே எடுக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. என் அக்கா மகனுக்கு இதில் மனம் ஒப்பவில்லை. அவன் காந்தியை எடுத்துக்கொண்டு ஆடுகிறான்.